துளையிட்ட நாடாவும் விமானப்படையின் பணமும்: எண்வழிக் கட்டுப்பாட்டு எந்திரத்தின் முதல் பத்தாண்டுகள்

கோவை, ஓசூர் பட்டறைகளில் இன்று சர்வசாதாரணமாக ஓடும் சி.என்.சி. (கணினி எண்வழிக் கட்டுப்பாட்டு) எந்திரத்தின் மூதாதை, அமெரிக்க விமானப்படையின் செலவில் பிறந்தது. முன்மாதிரிக்குப் பணம் கொடுப்பவரின் தேவையே அதன் வடிவத்தையும் தீர்மானித்துவிடும் என்பதற்கு அதன் வரலாறு நல்ல சான்று.

மிச்சிகன் மாநிலம் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் சுழலிறகுகள் செய்துவந்தவர் ஜான் பார்சன்ஸ். இறகின் வளைவைச் சரிபார்க்கும் டெம்ப்ளேட்டுகள் அவருக்கு ஓயாத தலைவலி. கணக்கிட்ட சில புள்ளிகளைக் கையால் இணைத்து வளைவு வரைவதுதான் அன்றைய வழக்கம். அவரிடம் பணிபுரிந்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம். துளை அட்டைக் கருவிகளைக் கொண்டு ஒரே வளைவுக்கு 200 புள்ளிகள் கணக்கிட்டுத் தந்தார். ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, இருவர் ஆளுக்கொரு அச்சாக மில்லிங் எந்திரத்தை நகர்த்தினார்கள். அந்த மூவரின் வேலையையும் எந்திரமே செய்யட்டும் என்பதே பார்சன்ஸின் எண்ணம்.

விமானப்படைக்கு இதில் அக்கறை பிறக்கக் காரணம் இருந்தது. வேகம் கூடிய ஜெட் விமானங்களின் இறக்கைத் தகடுகளை, ரிவெட் அடித்து இணைப்பதற்குப் பதிலாக, முழு உலோகப் பாளத்திலிருந்தே குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. 1949 ஜூனில் பார்சன்ஸுக்கு 2,00,000 டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. நகர்வைக் கட்டுப்படுத்தும் சர்வோ நுட்பத்துக்காக அவர் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தைத் துணைக்கு அழைத்தார். போர்க்காலத்தில் பீரங்கிக் கட்டுப்பாட்டில் தேர்ந்த இடம் அது.

அங்கேதான் திட்டம் திசைமாறியது. பார்சன்ஸ் கேட்டது புள்ளிக்குப் புள்ளி வெட்டும் எளிய கருவி. ஆய்வகம் கட்ட விரும்பியதோ, மூன்று அச்சுகளும் ஒரே நேரத்தில் இடைவிடாது நகரும் பொதுமுறை. எம்.ஐ.டி. பின்னர் விமானப்படையோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொள்ள, யோசனைக்கு உரியவர் ஓரங்கட்டப்பட்டார். 1952 செப்டம்பரில் சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் எந்திரம் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகம் வெட்டியதைப் பொதுவில் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் அடங்கிய அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, எந்திரத்தைவிடப் பெரியது!

முன்மாதிரி வேலை செய்தது, வாங்கத்தான் ஆளில்லை. விலையைக் கேட்டே தொழிற்சாலைகள் பின்வாங்கின. ஆகவே 1950களின் நடுவில் விமானப்படையே நூற்றுக்கும் மேற்பட்ட எந்திரங்களுக்குப் பணம் கொடுத்து விமான உற்பத்தியாளர்களின் ஆலைகளில் நிறுவியது. நாடாவுக்கான கணக்கைக் கையால் போடுவது பெரும்பாடு என்பதால், டக்ளஸ் ராஸ் தலைமையில் ஏ.பி.டி. என்ற நிரல்மொழியும் அதே பணத்தில் உருவாகி 1959இல் அறிமுகமானது. அதை ஓட்டப் பெரிய கணினி தேவைப்பட்டது. சிறு பட்டறைக்காரர் எங்கே போவார்?

வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் எண்வழி முறையைத் தேர்ந்தெடுத்ததைக் கடுமையாகச் சாடினார். தேர்ந்த தொழிலாளியின் கையசைவைக் காந்த நாடாவில் பதிந்து திரும்ப ஓட்டும் ஜெனரல் எலக்ட்ரிக் முறை அப்போதே இருந்தது. பட்டறைத் தளத்தின் அதிகாரத்தைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கும் ஆசையே அதைப் புறந்தள்ளியது என்பது அவர் வாதம். இது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. மூன்று அச்சில் நெளியும் இறக்கைப் பரப்பை முதலில் வெட்டிக்காட்ட எந்தக் கையாலும் எளிதில் முடியாது. பதிந்து ஓட்டும் முறை அங்கே அதிகம் உதவியிராது. ஆனால் பெரும்பாலான பட்டறைகள் இறக்கை செய்வதில்லையே. அவற்றுக்கு வேண்டியது பார்சன்ஸ் முதலில் கேட்டதைப் போன்ற எளிய கருவி. அதற்கு விமானப்படையின் கணக்கில் இடமிருக்கவில்லை.

அந்த இடத்தை ஜப்பான் பிடித்தது. ஃபுஜிட்சுவில் செய்உஎமோன் இனாபா தலைமையில் 1956இல் தொடங்கிய எண்வழிக் கட்டுப்பாட்டுப் பணி, 1972இல் ஃபனுக் என்னும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1970களில் நுண்செயலி வந்து கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுருக்கியபோது, சிறு தொழிலகங்கள் வாங்கக்கூடிய விலையில் எந்திரங்களைத் தரும் நிலையில் ஜப்பானிய நிறுவனங்களே இருந்தன.