ஒப்டிகல் ஓடியோ கேபிள்: தங்கநிற முனைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா?

சென்ற வருடம் கனடாவிலிருந்து வந்த பொதி ஒன்றில் அப்பாவுக்கு ஒரு சவுண்ட்பார் இருந்தது. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரவுச் செய்தியில் வாசிப்பவர் சொல்வது விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். மெல்லிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்படுவதால் வரும் பிரச்சினை இது. சவுண்ட்பார் அதற்கு நல்லதொரு தீர்வு. ஆனால் பெட்டிக்குள் ஒப்டிகல் கேபிள் இருக்கவில்லை.

நகரத்துக் கடையொன்றில் இரண்டு கேபிள்களைக் காட்டினார்கள். ஒன்று சாதாரணக் கறுப்பு. மற்றது நைலோன் பின்னலும் தங்கநிற முனையும் கொண்டது, விலையும் பல மடங்கு. "இதுதான் கிளியரா இருக்கும்" என்றார் விற்பனையாளர். அப்பாவின் காதை நினைத்து விலை கூடியதையே வாங்கினேன். வீட்டில் பொருத்தினால் சத்தமே வரவில்லை. காரணம் கேபிள் அல்ல. தொலைக்காட்சியின் மெனுவில் ஒரு தெரிவை மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் நண்பரிடமிருந்த சாதாரணக் கேபிளை மாற்றிப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்தப் பிழையை இன்னொருவர் விடாதிருக்க, தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கேபிளுக்குள் என்ன நடக்கிறது?

இந்த இணைப்பை 1983இல் ஜப்பானின் ரொஷிபா நிறுவனம் தனது சி.டி. பிளேயர்களுக்காக அறிமுகப்படுத்தியது. அதனால் இதற்கு 'ரொஸ்லிங்க்' என்றும் பெயர். இதற்குள் செம்புக் கம்பி இல்லை. சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்ரிக் ஒளியிழை ஒன்றே இருக்கிறது. தொலைக்காட்சியிலுள்ள ஒரு சிறிய எல்.ஈ.டி., சிவப்பு ஒளியை மிக வேகமாக அணைத்து எரியச் செய்கிறது. மறுமுனையிலுள்ள உணரி அந்த மினுக்கங்களை இலக்கங்களாக வாசித்து, அவற்றிலிருந்து ஒலியை மீட்கிறது.

ஆகவே நல்ல கேபிள் என்பது 'இனிமையான' கேபிள் அல்ல. மினுக்கங்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒலி முழுமையாக வரும். சேராவிட்டால் ஒலி விட்டுவிட்டு வரும், 'டிக் டிக்' என்று கேட்கும், அல்லது முற்றாக நின்றுவிடும். பேஸ் கூடுவதோ குரல் தெளிவதோ கேபிளால் நடப்பதில்லை.

தங்கமுலாமும் அப்படித்தான். மின்சாரம் பாயும் தொடுமுனைகளில் துருவேறாதிருக்கத் தங்கம் உதவும். இங்கே முனையின் உலோகத்தினூடாக எதுவும் பாய்வதில்லை. அது வெறும் அலங்காரம்.

உங்களுக்கு இது தேவைதானா?

கடைக்குப் போகுமுன் இரண்டு கருவிகளின் பின்புறத்தையும் பாருங்கள். இரண்டிலும் 'ஏ.ஆர்.சி.' என்று குறித்த எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் அறிமுகமான வசதி இது. ஒலியோடு கட்டளைகளும் அதே கேபிளில் போவதால், தொலைக்காட்சி ரிமோட்டாலேயே சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒப்டிகல் கேபிளில் ஒலி மட்டுமே போகும். பெரும்பாலும் இரண்டு ரிமோட் வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சிறிய விடயமல்ல.

கொள்ளளவிலும் ஒப்டிகலுக்கு எல்லை உண்டு. இரண்டு சனல் ஒலியையும், சுருக்கப்பட்ட டொல்பி டிஜிட்டல், டி.ரி.எஸ். 5.1 ஒலியையும் அது கொண்டுபோகும். டொல்பி அட்மொஸ், டொல்பி ட்ரூ எச்.டி. போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. செய்தி, நாடகம், பாட்டு கேட்பதற்கு இது தாராளம்.

அப்படியானால் ஒப்டிகல் யாருக்கு? ஏ.ஆர்.சி. இல்லாத பழைய தொலைக்காட்சி அல்லது அம்பிளிபயர் வைத்திருப்பவர்களுக்கு. எச்.டி.எம்.ஐ. துளைகள் எல்லாம் நிரம்பியவர்களுக்கு. மூன்றாவதாக, ஸ்பீக்கரில் ஓயாத 'ம்ம்ம்' இரைச்சலால் அவதிப்படுபவர்களுக்கு. டிஷ் அன்ரெனா, தொலைக்காட்சி, அம்பிளிபயர் எல்லாம் உலோகக் கேபிள்களால் இணையும்போது நிலத்தொடுப்பு வழியாக ஒரு மின்சுற்று உருவாகி இந்த இரைச்சல் வருவதுண்டு. ஒளியிழையில் மின்சாரம் பாயாததால் அந்தச் சுற்று அங்கே அறுந்துவிடும்.

இதே காரணத்தால் மின்னலின் தாக்கமும் இந்தக் கேபிள் வழியாக ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் பாயாது. ஆனால் மின்வயரும் அன்ரெனா வயரும் திறந்த வழிகளாகவே இருக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முனை: வழக்கமான முனை சதுரமானது, இரு மூலைகள் வெட்டப்பட்டிருக்கும். சில மடிக்கணினிகளிலும் சிறிய கருவிகளிலும் ஹெட்போன் பிளக் போன்ற 3.5 மில்லிமீற்றர் வட்டத் துளை இருக்கும். அதற்கு 'மினி ரொஸ்லிங்க்' முனை வேண்டும்.

நீளம்: நேர்கோட்டில் அளக்காதீர்கள். சுவரோரமாகக் கேபிள் போகும் வழியை ஒரு நூலால் அளந்து, அரை மீற்றர் கூட்டுங்கள். 5 மீற்றருக்குள் இருந்தால் நல்லது. 10 மீற்றருக்கு மேல் சாதாரண பிளாஸ்ரிக் இழையை நம்ப வேண்டாம். வீட்டுத் தூரங்களுக்கு விலை கூடிய கண்ணாடி இழையும் தேவையில்லை.

தடிப்பு: தடித்த உறை இழையைப் பாதுகாக்கும், ஆனால் இலகுவில் வளையாது. சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்குப் பின்னால் இடம் குறைவு என்பதால், அங்கே விறைப்பான கேபிள் துளையையே நெம்பிப் பழுதாக்கலாம். அவ்விடத்தில் மெல்லிய கேபிளே பொருத்தம்.

பிடிப்பு: முனை துளைக்குள் 'கிளிக்' என்று அமர வேண்டும். தொட்டவுடன் ஆடினால் வேண்டாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடிகளைக் கழற்றி, ஒரு முனையில் கைத்தொலைபேசியின் டோர்ச்சைப் பிடியுங்கள். மறுமுனையில் ஒளிப்புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ மிக மங்கலாக இருந்தாலோ வேறொன்றைக் கேளுங்கள்.

பொருத்திய பின் சத்தம் வராவிட்டால்

முதலில் இரு முனைகளிலும் உள்ள சிறிய பிளாஸ்ரிக் மூடிகளைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். நிறமற்றவை என்பதால் பலர் கவனிப்பதில்லை. அடுத்து, தொலைக்காட்சி முனையைப் பொருத்தியபடியே விட்டு, மற்ற முனையைக் கழற்றி உள்ளங்கைக்கு நேரே பிடியுங்கள். சிவப்பு வெளிச்சம் விழுந்தால் கேபிளினூடாக ஒளி வருகிறது. பிழை வேறெங்கோ இருக்கிறது.

பெரும்பாலும் அது மெனுவில்தான். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை 'ஒப்டிகல்' என்று தெரிவுசெய்து, டிஜிட்டல் வடிவத்தை 'பி.சி.எம்.' ஆக மாற்றுங்கள். சவுண்ட்பாரிலும் ஒப்டிகல் உள்ளீட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். டொல்பியைப் புரிந்துகொள்ளாத சவுண்ட்பாரும் பி.சி.எம். ஒலியை இயக்கும். எங்கள் வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததும் இப்படித்தான். குரல் உதட்டசைவோடு பொருந்தாவிட்டால், அதே மெனுவில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யலாம்.

சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டுமுள்ள பழைய அம்பிளிபயர் என்றால் கேபிள் மட்டும் போதாது. இடையில் டிஜிட்டல் ஒலியை அனலொக்காக மாற்றும் சிறிய பெட்டி ஒன்று வேண்டும். அதற்கும் தொலைக்காட்சியில் பி.சி.எம். தெரிவே பொருத்தம்.

கடைசியாக, கேபிளை மடிக்காதீர்கள், ஆணியடித்து இறுக்காதீர்கள். வளைவின் ஆரை இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். உள்ளே இழை முறிந்தால் ஒட்டுப்போட முடியாது; புதிதுதான் வாங்க வேண்டும். கழற்றிய மூடிகளையும் எறியாமல் வைத்திருங்கள். பாவிக்காத நாட்களில் முனையில் தூசி படியாமல் காக்கும்.

அப்பா இப்போது செய்தியை முந்திய சத்தத்தின் பாதியில் கேட்கிறார். அவர் கேட்பது நண்பரின் அந்தச் சாதாரணக் கேபிளில். தங்கநிற முனைக்காரன் அலுமாரிக்குள் இருக்கிறது.