வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிதல்

மருந்துக்குக் கட்டுப்படாத கால்-கை வலிப்புக்கு மூளையில் அறுவை செய்வதற்கு முன் நடத்தப்படும் பரிசோதனைகள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. வலிப்பு மூளையின் எந்தப் பகுதியில் கிளம்புகிறது? அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பேச்சு, நினைவு, பார்வை, கைகால் அசைவு ஆகியவை கெடாமல் இருக்குமா? நரம்பியல் மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், கதிரியல் மருத்துவர், உளவியலாளர், மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. தொழில்நுட்பர் என்று பலர் கூடிச் செய்யும் வேலை இது. வலிப்பின் ஊற்றை நேராகக் காட்டும் கருவி இன்றுவரை இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு சாட்சிதான். சாட்சிகள் ஒரே இடத்தைச் சுட்டுகிறார்களா என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

யாருக்கு

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கேட்பதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு எனக் கொள்ளலாம் என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. மூன்றாவது, நான்காவது மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைவு. இருந்தும் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தே பத்து, இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் பலர் அறுவை மையத்துக்கு வந்து சேருகிறார்கள். வலிப்பு மருத்துவத்தின் பெரிய குறை இதுதான்.

அறுவையால் பயன் உண்டா என்பதில் இனி ஐயமில்லை. கனடாவின் லண்டன் நகரில், காதை ஒட்டிய மூளைப்பகுதியான பொட்டு மடலில் வலிப்புள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், நினைவு தப்பும் வலிப்பு அறவே நின்றவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 58 பேர். மருந்துப் பிரிவில் 8 பேர். டெல்லி எய்ம்ஸில் 18 வயதும் அதற்குட்பட்டவர்களுமான 116 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் இந்தக் கணக்கு 77க்கு 7. இடம் சரியாகத் தெரிந்த பிறகு கத்தி எடுத்ததால் கிடைத்த பலன் இது.

வரலாறு

ஸ்கேனோ ஈ.ஈ.ஜி.யோ இல்லாத காலத்திலேயே இடம் கண்டறியும் வேலை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் லண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1860களிலும் 1870களிலும் நோயாளிகளின் வலிப்பை உட்கார்ந்து கவனித்தார். கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு கைக்கு ஏறி, முகத்துக்குப் பரவி, காலுக்கு இறங்குகிறது. உடலில் இப்படி வரிசையாகப் பரவினால், மூளைப் புறணியிலும் உறுப்புகளுக்கான இடங்கள் வரிசையாக இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். 1870இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் இருவரும் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்தி அதை மெய்ப்பித்தார்கள். டேவிட் ஃபெரியர் குரங்கின் மூளையில் விரிவாக வரைபடம் போட்டார்.

1886 மே 25 அன்று லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி, சிறுவயதில் மண்டை உடைந்து அந்தத் தழும்பால் வலிப்பு கண்ட 22 வயது இளைஞனுக்கு அறுவை செய்தார். அடுத்த மாதமே செய்த இன்னோர் அறுவையில் வெளியே தழும்பு எதுவும் இல்லை. வலிப்பு கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தொடங்குகிறது என்ற ஒரே துப்பை நம்பி மண்டையைத் திறந்தார். அங்கே கட்டி இருந்தது.

ஜெனா நகரின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். வைல்டர் பென்ஃபீல்டும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் மான்ட்ரியலில் நோயாளியை விழித்திருக்க வைத்தே மூளையைத் தொட்டுத் தூண்டி வரைபடம் எழுதினார்கள். பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950களிலேயே வேலூரில் வலிப்புக்கு அறுவை நடந்தது.

வலிப்பின் நடை

இன்றும் முதல் சாட்சி வலிப்பேதான். எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்ற வரிசையில்தான் துப்பு இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போன்ற உணர்வு, காரணமற்ற அச்சம், இது முன்பே நடந்தது போன்ற மயக்கம், பிறகு வெறித்த பார்வை, வாயைச் சப்புவது, சட்டைப் பொத்தானைத் தடவுவது என்று போனால், பொட்டு மடலின் உட்பகுதியைச் சந்தேகிக்கலாம். ஒரு கை தடவிக்கொண்டிருக்க மற்றக் கை முறுக்கி விறைத்துக்கொண்டால், விறைத்த கைக்கு எதிர்ப்பக்கத்து மூளையில் ஊற்று. வலிப்பு முடிந்ததும் மூக்கைத் துடைக்கும் கை பெரும்பாலும் ஊற்று இருக்கும் அதே பக்கத்துக் கை. தெளிந்த பிறகும் சில நிமிடம் பேச்சு வராவிட்டால் பேச்சு மையம் உள்ள பக்கம், பொதுவாக இடப்பக்கம். தூக்கத்தில் திடீரென எழுந்து கைகால்களை உதறிக் கத்தி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டால் நெற்றி மடல். மகிழ்ச்சியே இல்லாத சிரிப்பு அடிக்கடி வந்தால் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸில் ஒரு பிறவிக் கட்டி இருக்கலாம்.

நம் ஊரில் ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்தால் சுற்றி நிற்பவர்கள் ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்கள். அதனால் வலிப்பு நிற்காது. இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும் வலிப்பு சாவியால் நின்றதாகத் தோன்றுகிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு: எந்தக் கை முதலில் விறைத்தது என்று டாக்டர் கேட்கும்போது, சாவியைத் தேடி ஓடியவர்களால் சொல்ல முடிவதில்லை.

நடையும் ஏமாற்றும். பிடரி மடலில் தொடங்கும் வலிப்பு சில நொடிகளில் பொட்டு மடலுக்குப் பரவிவிட்டால், வெளியே தெரிவது பொட்டு மடலின் அடையாளங்களே. ஆழத்தில் மடிந்துகிடக்கும் இன்சுலா இதில் பெயர்போனது. தொண்டை நெரிவது போன்ற உணர்வை நோயாளி சொல்லாவிட்டால் அதை யாரும் நினைப்பதில்லை. புகை வெளிவரும் ஜன்னலில்தான் தீ இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வீடியோ ஈ.ஈ.ஜி.

நோயாளி சில நாட்கள் தனி அறையில் தங்குகிறார். தலையில் இருபதுக்கு மேற்பட்ட மின்முனைகளைப் பசையால் ஒட்டி, துணிக்கட்டுப் போட்டு, இரவும் பகலும் படம்பிடிக்கிறார்கள். வலிப்பு வந்தால்தானே பதிய முடியும்? அதனால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆபத்தில்லாத காரியமல்ல என்பதால் ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் முன்கூட்டியே போட்டிருக்கும். வலிப்பு தொடங்கியதும் தொழில்நுட்பர் ஓடி வந்து போர்வையை விலக்கி, பெயர் கேட்கிறார். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்கிறார். ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தெளிந்த பின் அந்தச் சொல்லைக் கேட்பார். உடனிருக்கும் உறவினருக்கு ஒரே கட்டளை: கேமராவை மறைக்காதீர்கள்.

மண்டையோடும் தோலும் மின்னலையை வெகுவாகக் குறைத்துவிடும். புறணியில் ஆறு முதல் பத்துச் சதுர சென்டிமீட்டராவது ஒன்றாகத் துடித்தால்தான் தலையில் ஒட்டிய மின்முனைக்கு அது தெரியும். காலுக்கான பகுதி இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவில் இருப்பதால், அங்கு தொடங்கும் வலிப்பு சில வேளை எதிர்ப்பக்கத்தில் பதிவாகிறது. வலிப்பு இல்லாத நேரத்தில் தெரியும் கூர்முனை அலைகளும் ஊற்றைவிட அகலமான பரப்பில் எழுபவை.

படங்கள்

எம்.ஆர்.ஐ.யில் குறை தெரிந்தால் அறுவையின் வெற்றி வாய்ப்பு கூடும். பொட்டு மடலின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸ் சுருங்கி இறுகியிருப்பது, புறணி பிறவியிலேயே ஒழுங்கற்று அமைந்திருப்பது, சிறு கட்டிகள், ரத்தக்குழாய்ப் பின்னல்கள் ஆகியவை அடிக்கடி காணப்படும். ஆனால் தலைவலிக்கு எடுப்பதுபோல 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த படத்தில் இவை நழுவிப்போகும். வலிப்புக்கென்று தனி நெறிமுறையில், ஒரு மில்லிமீட்டர் தடிமனில், ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குக் குறுக்காக வெட்டி எடுக்கவேண்டும். ‘நார்மல்’ என்று வந்த அறிக்கைகளில் பல, இப்படி மறுபடி எடுத்து அனுபவமுள்ளவர் பார்த்தால் மாறுகின்றன.

படத்தில் தெரியும் குறையெல்லாம் குற்றவாளியும் அல்ல. நாடாப்புழு முட்டையால் வந்த கட்டி ஆறிச் சுண்ணாம்பாகி நிற்பது இந்திய நோயாளிகளிடம் சகஜம். அது சும்மா கிடக்க, வலிப்பு வேறு பக்கத்து ஹிப்போகாம்பஸிலிருந்து வருவதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. கைவிட்டால் பெட் ஸ்கேன். வலிப்பு இல்லாத நேரத்தில் ஊற்றுப்பகுதி குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்ளும். படத்தில் மங்கலாகத் தெரியும். ஸ்பெக்ட் வேறு விதம். டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி வைத்துக்கொண்டு செவிலியர் படுக்கையோரம் காத்திருப்பார். வலிப்பு தொடங்கிய சில நொடிகளில் செலுத்தினால், அந்த நேரத்தில் ரத்தம் பாய்ந்த இடத்தில் மருந்து ஒட்டிக்கொள்ளும். படத்தைப் பிறகு நிதானமாக எடுக்கலாம். ஊசி அரை நிமிடம் தாமதித்தால் கிடைப்பது ஊற்றின் படமல்ல, பரவிய இடத்தின் படம். காந்தப்புலத்தை அளக்கும் எம்.ஈ.ஜி. கருவி இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற வெகுசில இடங்களில்தான் உள்ளது.

மண்டைக்குள் மின்முனை

சாட்சிகள் முரண்பட்டால் உள்ளே போய்ப் பார்க்கவேண்டியதுதான். பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் தலைராக், ழான் பான்கோ இருவரும் 1950களின் இறுதியிலிருந்து உருவாக்கிய முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. சில மில்லிமீட்டர் துளைகள் வழியே 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனைகள் பத்துப் பதினைந்தை ஆழத்துக்குச் செலுத்துகிறார்கள். ரத்தக்குழாய்ப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றின் பாதையும் முன்பே தீர்மானிக்கப்படும். ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு நூறு நோயாளிகளில் ஒருவர் அளவு. வலிப்பு தொடங்கும் கணத்தில் ஊற்றிடத்து மின்முனையில் அலை தட்டையாகி, மெல்லிய வேகமான அதிர்வு எழும். அதே மின்முனை வழியே சிறு மின்சாரம் செலுத்திப் பேச்சு, அசைவு மையங்களையும் அறியலாம்.

ஒரு நிபந்தனை: மின்முனை இல்லாத இடம் பேசாது. எங்கே போடுவது என்பதற்கு முன்கூட்டியே ஒரு கருதுகோள் வேண்டும். அதைக் கொடுப்பது பெரும்பாலும் வலிப்பின் நடைதான்.

எதை எடுக்கக் கூடாது

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலெய்சன் என்ற வலிப்பு நோயாளிக்கு இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியும் அகற்றப்பட்டன. வலிப்பு குறைந்தது, ஆனால் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. அதிலிருந்து நினைவாற்றல் சோதனை கட்டாயமாயிற்று. ஜுன் வாடா வகுத்த சோதனையில் ஒரு பக்க மூளையை மருந்தால் சில நிமிடம் உறங்கவைத்து, மறுபக்கத்தின் பேச்சையும் நினைவையும் சோதிப்பார்கள். பேச்சைப் பொறுத்தவரை இப்போது செயல்நிலை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முடிவும் பலனும்

அறுவைக்கூட்டத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விவாதிக்கிறார்கள். வலிப்பு நிற்க எவ்வளவு பகுதியை எடுக்கவேண்டும் என்பது கொள்கையளவிலான எல்லைதான். அறுவைக்குப் பின் வலிப்பு நின்றால் மட்டுமே அது முழுதும் எடுபட்டது என்று அறியலாம். படத்தில் ஹிப்போகாம்பஸ் இறுகியிருப்பது தெரிந்து, மற்றவையும் ஒத்துப்போனால் மூன்றில் இருவருக்கு வலிப்பு நிற்கும். எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாமல், ஊற்றும் பொட்டு மடலுக்கு வெளியே இருந்தால் வாய்ப்பு பாதிக்கும் கீழே. இங்கிலாந்தின் லண்டனில் 615 பேரை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்ததில் 5 ஆண்டு முடிவில் 52 விழுக்காட்டினர் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தனர்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய வலிப்பு அறுவைத் திட்டம் தென்னிந்தியாவின் முன்னணித் திட்டங்களில் ஒன்று. தென்மாவட்டத் தமிழர் பலர் அங்கேதான் போகிறார்கள்.

வீட்டில் வலிப்பு நோயாளி இருப்பவர்களுக்கு: அடுத்த முறை வலிப்பு வரும்போது ஒருவர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடன் இருங்கள், இன்னொருவர் முகமும் இரு கைகளும் தெரியும்படி, தெளியும்வரை கைபேசியில் படம் எடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். அந்த வீடியோவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.