பண்ணைச் சிறுவனின் துப்பாக்கி: தார்ன்டன் பர்ஜஸின் காட்டுயிர்க் கதைகள் கடந்துவந்த பாதை

1913-இல் வெளிவந்த ‘ரெட்டி நரியின் சாகசங்கள்’ என்ற சிறுவர் நூலில், பண்ணைக்காரர் பிரவுனின் மகன் கோழி திருடிய நரியைத் துப்பாக்கியால் சுடுகிறான். குண்டடிபட்ட நரி நொண்டியபடி வளைக்குத் திரும்புகிறது. 1922-இல் வந்த ‘பிளாக்கி காகம்’ நூலில் அதே சிறுவன் அதே துப்பாக்கியோடு ஆற்றங்கரைக்குப் போகிறான். சோளமணிகளைத் தூவி வாத்துகளை வரவழைத்துச் சுடக் காத்திருக்கிறான் ஒரு வேட்டைக்காரன். அவன் குறிபார்ப்பதற்குள் சிறுவன் வெடிச் சத்தம் எழுப்பி வாத்துகளைப் பறக்கவிட்டுவிடுகிறான்.

இரண்டு நூல்களையும் எழுதியவர் ஒருவரே: அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வால்டோ பர்ஜஸ் (1874–1965). இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அந்தத் துப்பாக்கியின் வேலை ஏன் மாறியது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், உறக்கநேரக் கதையாகத் தொடங்கிய ஓர் எழுத்து காட்டுயிர்ப் பாதுகாப்புக் கல்வியாக வளர்ந்த வரலாறு கிடைக்கிறது.

சாண்ட்விச் ஊரின் சிறுவன்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடலோரத்தில் உள்ள சாண்ட்விச் என்ற சிற்றூரில் 1874-இல் பர்ஜஸ் பிறந்தார். அதே ஆண்டில் தந்தை இறந்துவிட்டார். வறுமையில் தாய்தான் வளர்த்தார். மாடு மேய்ப்பது, கிரான்பெரிப் பழம் பறிப்பது, காட்டுப்பூக்களும் அல்லியும் பறித்து விற்பது என்று சிறுவயதிலேயே பல வேலைகள் செய்தார். சதுப்பும் குளமும் முட்புதரும் அவருக்குப் பழக்கமானது இப்படித்தான். பிற்காலக் கதைகளில் வரும் ‘பசும்புல்வெளி’, ‘சிரிக்கும் ஓடை’, ‘புன்னகைக் குளம்’, ‘பழைய முட்புதர்’ ஆகிய இடங்களுக்கெல்லாம் அந்த நிலமே மூலம்.

பள்ளிப் படிப்பை 1891-இல் முடித்தபின் பாஸ்டனில் வணிகக் கல்வி பயின்றார். அது மனத்துக்கு ஒட்டவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் போய் ஃபெல்ப்ஸ் பதிப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1905-இல் திருமணம். அடுத்த ஆண்டே, மகனைப் பெற்ற கையோடு மனைவி இறந்தார். தாயில்லாத அந்தக் குழந்தைக்குச் சொன்ன கதைகளிலிருந்துதான் பர்ஜஸின் எழுத்து வாழ்க்கை பிறந்தது. மகன் சிகாகோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் கதைகளை எழுதி அஞ்சலில் அனுப்பினார். அவற்றின் தொகுப்பே 1910-இல் பாஸ்டனின் லிட்டில் பிரவுன் பதிப்பகம் வெளியிட்ட ‘மேலைக்காற்று அன்னை’ என்ற முதல் நூல்.

விவாதம் ஓய்ந்த வேளை

அந்த நூல் வந்த காலம் கவனிக்கத்தக்கது. விலங்குக் கதை அமெரிக்காவில் அப்போதுதான் ஒரு பெரும் சர்ச்சையைக் கடந்து வந்திருந்தது. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1898-இல் வெளியிட்ட விலங்குச் சரிதைகள் அமோக வரவேற்பைப் பெற்றன. அவரையும் வில்லியம் லாங் போன்றவர்களையும் சாடி, இயற்கையியலாளர் ஜான் பரோஸ் 1903-இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் கட்டுரை எழுதினார். விலங்குகளுக்கு மனிதப் புத்தியை ஏற்றிவிட்டு அதையே கண்டறிந்த உண்மை என்று சொல்வது மோசடி என்பது அவர் வாதம். 1907-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பரோஸின் பக்கம் நின்று பேசினார். ‘இயற்கைப் புரட்டர்கள்’ என்ற வசை நிலைபெற்றது.

பர்ஜஸ் இந்தச் சிக்கலை நேரடியாகக் கடந்தார். அவருடைய முயலும் நரியும் ஸ்கங்கும் பேசும். ஓவியர் ஹாரிசன் கேடியின் கைவண்ணத்தில் சட்டையும் தொப்பியும் அணியும். இது கதை என்பதில் எந்தக் குழந்தைக்கும் ஐயம் வராது. ஆனால் எந்த விலங்கு எங்கே வாழும், எதைத் தின்னும், எதற்கு அஞ்சும், குளிர்காலத்தில் உறங்குமா விழித்திருக்குமா என்ற செய்திகளில் அவர் கற்பனையைக் கலக்க விரும்பவில்லை. நரி முயலைத் துரத்துகிறது. மிங்க் நீரில் மீன் தேடுகிறது. வளை தோண்டி வாழும் வுட்சக் பனிக்காலம் முழுக்க உறங்குகிறது. பேச்சு மட்டுமே கற்பனை. வாழ்க்கை அந்தந்த விலங்கினுடையது. பரோஸ் கண்டித்த தவறு, கற்பனையை உண்மை என்று விற்றது. பர்ஜஸோ உண்மையைக் கற்பனையின் துணையோடு கொடுத்தார்.

நாயகனான முயலின் பெயர் மட்டும் கடன் வாங்கியது. இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902-இல் நூலாக வெளியிட்ட ‘பீட்டர் முயல்’ பர்ஜஸின் மகனுக்கு ஏற்கெனவே அறிமுகம். அவனுக்கு முயல் என்றால் பீட்டர்தான். தந்தை அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

நாளொரு கதை

1911-இல் ஃபெல்ப்ஸ் நிறுவனத்தின் ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ இதழை ஹர்ஸ்ட் நிறுவனம் வாங்கியபோது பர்ஜஸ் வேலையை இழந்தார். எழுத்தே பிழைப்பானது. 1912-இல் நாளிதழ்களுக்கு உறக்கநேரக் கதைகள் எழுதத் தொடங்கியவர் 1960 வரை நிறுத்தவில்லை. 15,000-க்கும் மேற்பட்ட கதைகள், 170-க்கும் மேற்பட்ட நூல்கள். அன்றாடம் ஒரு கதை என்ற இந்தக் கட்டாயம் அவர் எழுத்தின் உருவத்தையே தீர்மானித்தது. ஒவ்வொரு அத்தியாயமும் சிறியது. முடிவில் மறுநாளைக்கான ஆவல் மிச்சமிருக்கும். பாத்திரங்களும் ஆண்டுக்கணக்கில் வாசகரோடு வளர முடிந்தது.

பண்ணைச் சிறுவனின் மாற்றத்தை இந்தத் தொடர்ச்சியில்தான் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. 1913-இல் அவன் நரியைச் சுடுகிறான். 1914-இன் ‘ஜெர்ரி மஸ்க்ராட்’ நூலில் நீர்வாழ் விலங்குகளுக்குப் பொறி வைக்கிறான். 1915-இல் சிவப்பு அணில் ‘சேட்டரர்’ அவனிடம் சிக்கிக் கூண்டில் அடைபடுகிறது. பிறகு அவனே அதை விடுவிக்கிறான். இந்த விடுதலையே திருப்பம். அதன்பின் அவன் காட்டுயிர்களுக்கு எதிரியாகத் திரும்பவில்லை.

நாட்டின் மனமும் அதே ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் இறந்தது. 1916-இல் வலசைப் பறவைகளைக் காக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் கையெழுத்திட்டன. 1918-இல் அது அமெரிக்காவில் சட்டமானது. இவ்விரண்டுக்கும் நடுவே, 1917-இல், பர்ஜஸ் ‘பாவப்பட்ட வாத்தம்மா’ கதையை எழுதினார். வலசைப் பாதை நெடுகத் துப்பாக்கிகளுக்குத் தப்பி, இணையைப் பிரிந்து தவிக்கும் ஒரு வாத்தின் வாய்மொழியாக வேட்டையின் கொடுமையைச் சொல்லும் நூல் அது. சட்டத்தின் பிரிவுகள் எந்தக் குழந்தைக்கும் புரியாது. அந்த வாத்தின் களைப்பு புரியும். வலசை உயிர்களைக் காக்கும் சட்டங்களுக்காகப் பாடுபட்டவர்களில் பர்ஜஸும் ஒருவர் என்பதால், கதையையும் சட்டத்தையும் சேர்த்துப் படிப்பது பொருந்தும்.

1921-இன் ‘லைட்ஃபுட் மான்’ இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. வேட்டைப் பருவத்தில் துரத்தப்படும் மான் பேராற்றை நீந்திக் கடந்து ஒருவர் வீட்டு நிலத்தில் கரையேறுகிறது. அவர் வேட்டைக்காரர்களைத் துரத்திவிட்டு, பருவம் முடியும்வரை மானை வேலிக்குள் வைத்துக் காத்து, பிறகு காட்டுக்கு அனுப்புகிறார். தனிநபர் நிலம் காட்டுயிருக்குப் புகலிடமாக முடியும் என்ற கருத்து இங்கே கதையாகிறது. அடுத்த ஆண்டு ‘பிளாக்கி காகம்’ வெளிவருகிறது. துப்பாக்கி எச்சரிக்கை மணியாகிறது.

கதையிலிருந்து பாடநூலுக்கு

இதே காலத்தில் பர்ஜஸ் மற்றொரு வடிவத்தையும் முயன்றார். 1919-இல் ‘குழந்தைகளுக்கான பர்ஜஸ் பறவை நூல்’, 1920-இல் விலங்கு நூல், 1923-இல் மலர் நூல், 1929-இல் கடற்கரை நூல். பறவை நூலில் பீட்டர் முயல் பழத்தோட்டத்தைச் சுற்றிவந்து கேள்வி கேட்கிறது. ஜென்னி ரென் என்ற வாயாடிப் பறவை பதில் சொல்கிறது. நிறம், கூடு, முட்டை, உணவு, வலசை எல்லாம் அந்த வம்பளப்பிலேயே வந்துவிடுகின்றன. குயிலைப்போலப் பிற கூடுகளில் முட்டையிடும் மாட்டுப்பறவைக்கும் அதில் இடமுண்டு. விலங்கு நூலில் இயற்கை அன்னை காட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். இந்த இரு நூல்களுக்கும் படம் வரைந்தவர், அமெரிக்காவின் தலைசிறந்த பறவை ஓவியர்களில் ஒருவரான லூயி அகாசி ஃபியூர்டெஸ். அவருடைய பறவைகளுக்குச் சட்டையோ தொப்பியோ கிடையாது. கேடியிடமிருந்து ஃபியூர்டெஸுக்கு வந்த இந்த நகர்வு, பர்ஜஸின் நோக்கம் எவ்வளவு கூர்மையடைந்தது என்பதைக் காட்டுகிறது.

1925 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வானொலியில் ‘ரேடியோ இயற்கைக் கழகம்’ தொடங்கினார். அதற்கு முன்பே காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ‘உறக்கநேரக் கதைகள் சங்கம்’, நிலங்களைக் காக்கப் ‘பசும்புல்வெளிச் சங்கம்’ என்று வாசகர்களைத் திரட்டியிருந்தார். கேட்டு மகிழ்ந்த குழந்தைகள் உறுதிமொழி எடுத்த உறுப்பினர்கள் ஆனார்கள்.

கடைசிப் பறவையின் முன்

பாதுகாப்பு எல்லா உயிருக்கும் உரிய காலத்தில் கிடைத்துவிடவில்லை. மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் ஹீத் கோழி என்ற நிலப்பறவை இனத்தில் ஒற்றைச் சேவல் மட்டும் எஞ்சியிருந்தது. போடன் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கிராஸ், பர்ஜஸுடன் சேர்ந்து 1931 ஏப்ரல் 1 அன்று அதைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டார். 1932 மார்ச் 11-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. காட்டுயிர்களைப் பேசவைத்தவர், ஓர் இனம் அழிந்துபோவதை நேரில் கண்ட சாட்சியாகவும் ஆனார்.

குறைகளும் மதிப்பும்

பர்ஜஸின் எழுத்தில் குறைகள் உண்டு. அவருடைய காட்டில் துரத்தல் அதிகம், இரையாதல் மிகக் குறைவு. ஊனுண்ணியின் பசி நியாயமானது என்று சொல்வார். அந்தப் பசி தீரும் காட்சியைக் காட்டத் தயங்குவார். நாள்தோறும் எழுதியதால் கூறியது கூறலும் நிறைய. பில்லி போசம் என்ற விலங்குப் பாத்திரத்தின் தெற்கத்திப் பேச்சுவழக்கு இன்று இனச்சாயல் கொண்ட வார்ப்பாகத் தெரிகிறது. சீட்டனின் அடர்த்தியான நடையும் பாட்டரின் சொற்சிக்கனமும் அவரிடம் இல்லை.

ஆயினும் தாக்கத்தின் அளவில் அவருக்கு நிகராகச் சொல்லச் சிலரே உண்டு. 1938-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. 1973-இல் ஜப்பானியத் தொலைக்காட்சி அவர் கதைகளை 52 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராக்கியது. ஹாம்ப்டனில் அவர் வாழ்ந்த ‘சிரிக்கும் ஓடை’ நிலம் அவருடைய மறைவுக்குப்பின் ஆடுபான் சங்கத்தின் சரணாலயமானது. சாண்ட்விச்சில் 1976 முதல் அவர் பெயரில் ஒரு கழகம் இயற்கைக் கல்வி நடத்துகிறது.

குழந்தை இலக்கிய வரலாறுகள் அவரை இரண்டாம் வரிசையில் வைப்பது நடையழகை மட்டும் பார்ப்பதால் நேர்ந்தது. தன் பாத்திரமான ஒரு சிறுவனைப் பத்தாண்டுகளுக்குள் வேட்டைக்காரனிலிருந்து காவலனாக வளர்த்தெடுத்து, அவனோடு ஒரு தலைமுறை வாசகர்களையும் கூட்டிச்சென்றவர் பர்ஜஸ். அமெரிக்கக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் வரலாற்றில் சட்டம் இயற்றியவர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் இணையான இடம் அவருக்கு உண்டு.