04632: கரிசல் வட்டாரத்தில் நம்பர் போடுதலும் இணையத் தொலைபேசி வடிவமைப்பும்

ஆய்வுச் சிக்கல்

திரையில் பெயரைத் தொட்டால் அழைப்பு போய்விடும் காலம் இது. இந்நிலையில் இணையத் தொலைபேசியை வடிவமைப்போர் கையால் எண் போடும் முறைக்கு இடம் வைக்கத்தான் வேண்டுமா? கரிசல் வட்டாரத்து ஊரான கோவில்பட்டியின் எஸ்.டி.டி. குறியீடான 04632-ஐச் சான்றாக வைத்து இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது.

ஆபரேட்டரிடமிருந்து விரலுக்கு

ட்ரங்க் கால் காலத்தில் ஊரையும் எண்ணையும் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் இல்லாமலே இணைப்புத் தரும் தானியங்கி இணைப்பகத்துக்கு ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1960 நவம்பர் 25 அன்று கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. தொடங்கியது. சுழல் டயலில் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பத்துத் துடிப்புகள். நொடிக்குப் பத்துத் துடிப்பு வீதம் ஒவ்வோர் இலக்கமும் இணைப்பகத்தின் ஒரு படியை நகர்த்தியது.

1984-இல் அமைந்த இந்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் கிராமப்புறத் தானியங்கி இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. குளிர்சாதனம் இல்லாமலே இயங்கியதால், வெயில் காயும் ஊர்களுக்கும் அது பொருந்தியது. அடுத்து வந்த மஞ்சள் பலகைத் தொலைபேசி பூத்துகளில், கசங்கிய நோட்டைப் பார்த்து எண்ணை அழுத்திவிட்டு, கண்ணை மீட்டர் மீது வைத்தபடி மக்கள் பேசினார்கள்.

எண்ணுக்குள் இருக்கும் ஊர்

குறியீட்டின் முன்னால் வரும் 0-ஐ நீக்கிப் பார்த்தால், சென்னைக்கு 44, உள்ளூர் எண் 8 இலக்கம். தூத்துக்குடிக்கு 461, உள்ளூர் எண் 7 இலக்கம். கோவில்பட்டிக்கு 4632, உள்ளூர் எண் 6 இலக்கம். எப்படிக் கூட்டினாலும் பத்து. உள்ளூருக்குள் ஆறு இலக்கம் போட்டாலே போதும். அந்தக் கம்பி எந்த ஊர்க் கம்பி என்பது இணைப்பகத்துக்குத் தெரியும்.

இணையத் தொலைபேசியில் அந்தக் கம்பி இல்லை. ஆறு இலக்கத்தோடு விரல் நின்றால், எண் முடிந்ததா, இன்னும் வருமா என்று கருவி தானே முடிவுசெய்ய வேண்டும். அதற்காகவே எண் அமைப்பு விதிகளும் காத்திருப்பு நேரமும் கருவியில் எழுதப்படுகின்றன. இணைய அழைப்புகளை இணைக்கும் சிப் நெறிமுறையின் 2002 பதிப்பில் 484 என்றொரு பதில் உண்டு: ‘முகவரி முழுமையில்லை’. சுழல் டயல் மறைந்த பின்னும், இலக்கம் இலக்கமாக எண் போடும் பழக்கத்தின் தடம் அதில் பதிந்திருக்கிறது. அவசர உதவி எண்ணான 112-ஐ அழைப்பவர் எந்த ஊரில் நிற்கிறார் என்ற கேள்வியும், ஊரைச் சொல்லும் கம்பி இல்லாத இதே சிக்கலிலிருந்து பிறப்பதே.

இணைந்த பின்னும் எண்

1963-இல் அமெரிக்காவில் அறிமுகமான பொத்தான் தொலைபேசி, இலக்கத்தை ஒலியாக்கியது. குரலைச் சுருக்கி அனுப்பும் இணைய முறைகள் அந்த ஒலியைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே அழுத்திய இலக்கத்தைக் குரலோடு கலக்காமல் தனித் தரவாக அனுப்பும் வழி 2000-இல் வகுக்கப்பட்டு 2006-இல் திருத்தப்பட்டது.

இது கரிசலுக்குத் தொலைவான சங்கதி அல்ல. சிலிண்டர் பதிய ஒன்றை அழுத்தச் சொல்கிறது ஒரு குரல். 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே, பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப வழிசெய்தது. மானாவாரி உளுந்தில் பூச்சி கண்ட விவசாயி 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குச் செயலி எதுவும் இல்லாமலே பேசலாம். பட்டன் போனில் 5-இன் மேல் சிறு புடைப்பு இருக்கும். கண் மங்கியவரும் விரலால் அதைத் தொட்டு மற்ற இலக்கங்களைக் கண்டுகொள்வார்.

முடிவு

பெயரைத் தொட்டு அழைப்பதற்கு அந்தப் பெயர் முன்பே போனில் பதிவாகியிருக்க வேண்டும். எண் இருந்தால், முன்பின் அறியாதவரையும் யாரும் அழைக்கலாம். இந்தப் பொதுமையே எண் போடுதலின் மதிப்பு. எனவே இணையத் தொலைபேசியை வடிவமைப்போர் மூன்றைக் கைவிடலாகாது: முதல் திரையிலேயே எண்பலகை, ஊர்க் குறியீட்டை அறிந்த எண் விதி, அழுத்திய இலக்கத்தைப் பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் வழி. கோவில்பட்டியில் ஆறு இலக்கம் போட்டுப் பழகிய விரலுக்கும் சரியாக இணைப்புத் தரும் கருவியே முழுமையான தொலைபேசி.