முன்னே செல்லும் குரல்

வானவெளி எல்லார்க்கும் பொதுவான வழி. அவ்வழியில் இருவர் ஒரே அலையில் ஒரே வேளையில் பேசினால் இருவர் பேச்சும் குழம்பிவிடும். ஆதலின், யார் முதலில் பேசுவது என்னும் வினா கம்பியில்லாத் தந்தியுடனேயே பிறந்தது எனலாம்.

1906 ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய மாநாடு இவ்வினாவிற்கு ஒரு விடை கண்டது. ஆபத்திலுள்ள கப்பலின் அழைப்புக்கே முதலிடம் என்பது அதன் விதி. விதி நன்று, ஆயினும் அது மட்டும் போதவில்லை. 1912 ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு, ‘கலிபோர்னியன்’ என்னும் கப்பலின் தந்தியாளர் இவான்ஸ், பனிக்கட்டிகளிடையே தம் கப்பல் நின்றுவிட்டதை ‘டைட்டானிக்’ கப்பலுக்கு அறிவித்தார். டைட்டானிக்கின் தந்தியாளர் பிலிப்ஸோ, பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்தார். குறுக்கிட்ட இவான்ஸை வாய்மூடச் சொன்னார். இவான்ஸின் செய்தி, கப்பல் தலைவரிடம் சேர்ப்பிக்கத்தக்கது என்னும் முறையான அடையாளத்தைத் தாங்கி வரவில்லை. சிறிது நேரத்தில் இவான்ஸ் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. சுமார் 1,500 பேர் மாண்டனர்.

உயிர்காக்கும் செய்தி அன்று வந்தது. ஆனால் அற்பச் செய்திகளின் வரிசையில் அதுவும் ஒன்றாகிவிட்டது. 1914 இல் இலண்டனில் கையெழுத்தான கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, பெருங்கப்பல்களில் இடையறாத தந்திக் காவல் வேண்டும் என்று வலியுறுத்தியது.

இனி, நம் காலத்திற்கு வருவோம். 1971 இல் ஹவாய்த் தீவுகளில், பல்கலைக் கழகப் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், கணிப்பொறிகளை வானொலி அலையால் இணைத்தனர். செய்திகள் சிறுசிறு பொதிகளாகச் சென்றன. இரண்டு மோதினால், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடைவேளை காத்திருந்து மீண்டும் புறப்பட்டது. இதன் வழித்தோன்றலே 1997 இல் வகுக்கப்பட்ட வைஃபை முறை. அதில் எல்லாப் பொதிகளும் பெரும்பாலும் சமம். கடிதத்துக்கு இச்சமத்துவம் தீங்கன்று. அரை வினாடி தாமதித்தாலும் கடிதம் கடிதமே. உரையாடலோ அத்தகையதன்று. பேச்சு பொதுவாக வினாடிக்கு 50 பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் அடங்கினாலே பேச்சு இயல்பாக இருக்கும்.

ஆகவே 2005 இல் புதியதோர் ஒழுங்கு வந்தது. குரல், படக்காட்சி, சாதாரணச் செய்தி, பின்னணிச் செய்தி என நான்கு வகுப்புகள் ஏற்பட்டன. பொதுவான அமைப்பில், சாதாரணச் செய்தி 0 முதல் 15 வரையுள்ள எண்களில் ஒன்றை முதலில் தேர்ந்து அத்தனை நுண்கணம் காத்திருக்கும். குரல் 0 முதல் 3 வரை மட்டுமே. குறைவாகக் காத்திருப்பவன் முந்துவது இயல்பன்றோ?

ஆயினும் பழைய குறை மீண்டும் தலைகாட்டியது. குரற்பொதிகளுக்கு இணைய வல்லுநர் இட்ட அடையாள எண் 46. வைஃபைக் கருவிகள் பலவும் அவ்வெண்ணின் முதல் மூன்று இருமக் குறிகளை மட்டும் படித்தன. அவை தருவது 5. அதுவோ படக்காட்சியின் வகுப்பு! அடையாளம் இருந்தும், குரல் தவறான வரிசையில் நின்றது. இதைச் சீர்ப்படுத்தும் பரிந்துரை 2018 இல்தான் வெளியாயிற்று. இன்றும் வலையை அமைப்போர், அனுப்பும் கருவி இடும் குறியும் நிலையம் அதைப் படிக்கும் முறையும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாப் பொதிகளுக்கும் குரலின் அடையாளத்தை இட்டுவிட்டால் எல்லாம் ஒருங்கே முந்தும், காத்திருக்கும் எண்கள் நான்கே ஆகையால் மோதல் பெருகும், எதுவும் முந்தாது.

மாணவர்களே, முன்னுரிமை என்பது சட்டத்தில் எழுதுவதோடு முடிவதன்று. செய்திக்கு உரிய அடையாளம் வேண்டும். அதைச் சரியாகப் படிக்கும் செவி வேண்டும். சிறிய செய்திகள் விலகி நிற்கும் அடக்கமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதை அட்லாண்டிக் கடல் அன்றே காட்டிவிட்டது.