ஸ்பெஷலா வந்தவங்க: செங்கோட்டை கிட்டப்பாவும் சிம்ப்சன்ஸ் குடும்பமும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி பங்குனிப் பொங்கல் சமயம். சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமத்துக்கு நாடகம் பார்க்கப் போயிருந்தேன். (ஊர் பேர் வேண்டாம். கமிட்டிக்காரங்க எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவங்க.) ‘வள்ளி திருமணம்’, ஸ்பெஷல் நாடகம். நோட்டீஸ்ல வேலன், வள்ளி, நாரதர் வேஷம் கட்டுறவங்க படத்தையெல்லாம் விடப் பெருசா ஒருத்தர் படம். டிவி காமெடி நிகழ்ச்சியில வர்றவர். ‘சிறப்பு வருகை’ன்னு போட்டிருந்துச்சு.

பதினொன்றரைக்கு வந்தார். பபூன் காமெடி பாதியில நின்னுச்சு. மூணு நடிகர் குரல்ல பேசினார், ரெண்டு சின்னப் பசங்களை மேடைக்குக் கூப்பிட்டு ஆட வச்சார், கமிட்டியோட செல்ஃபி எடுத்தார். நாற்பது நிமிஷம். கார் கிளம்பின புழுதி அடங்கறதுக்குள்ள பாதிக் கூட்டம் காலி. அப்புறம் வந்த வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் பண்ண நேரமே இல்லை. ‘சீக்கிரம் முடிங்கம்மா’ன்னு மேடைக்குப் பக்கத்துல இருந்து ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தார். யானை வர்ற கட்டத்தையே தூக்கிட்டாங்க.

பக்கத்துல துண்டை விரிச்சு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். “தாத்தா, நீங்க போகலையா?”ன்னேன்.

“கல்யாணத்துக்கு வந்துட்டு தாலி கட்டு பார்க்காம எப்படிப் போறது பேராண்டி?”ன்னார்.

விடிஞ்சதும் டீக்கடையில நாரதர் வேஷக்காரரைப் பார்த்தேன். முகத்துல பவுடர் முழுசாப் போகலை. “அண்ணாச்சி, நல்லா இருந்துச்சு”ன்னேன். சிரிச்சார். “நல்லா இருந்துச்சு தம்பி, ஆனா பேசின சம்பளத்துல ஐநூறு குறைச்சுட்டாங்க. விருந்தாளிக்குச் செலவாயிருச்சாம்”ன்னார்.

வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரலை. இந்தக் கதையை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு ஒரே உறுத்தல். அப்புறம்தான் பொறி தட்டுச்சு. சிம்ப்சன்ஸ்! (சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ‘தி சிம்ப்சன்ஸ்’ அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர்ல ஒரு நடுத்தரக் குடும்பம், அதான் கதை. மாட் க்ரோனிங் உருவாக்கினது. 1987-ல் இன்னொரு நிகழ்ச்சிக்குள்ள துணுக்கா ஆரம்பிச்சு, 1989 டிசம்பர்ல தனித் தொடராச்சு. 750 பகுதிகளுக்கு மேல தாண்டியாச்சு. 2025-ல் இன்னும் நாலு சீசனுக்கு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. பழைய ரசிகர்கள் மட்டும் ‘முதல் பத்து வருஷத்தோட சரக்கு தீர்ந்துபோச்சு’ன்னு புலம்பிக்கிட்டே இருக்காங்க. புலம்பும்போது முதல்ல கை நீட்டுறது, குரல் கொடுக்க வர்ற பிரபலங்களைப் பார்த்துதான்.

ஆனா பிரபலங்கள் ஆரம்பத்துலயே வந்தாங்க. 1991-ல் லிசாவோட தற்காலிக வாத்தியாரா வந்தது டஸ்டின் ஹாஃப்மன். பேரைப் போட்டுக்கலை, ஒரு புனைபெயர். அதே வருஷம் மைக்கேல் ஜாக்சன் வந்தார், அவரும் புனைபெயர்ல. வேஷம் என்ன தெரியுமா? தன்னை மைக்கேல் ஜாக்சன்னு நினைச்சுக்கிட்டு மனநல ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு குண்டு மனுஷன்! (ஜாக்சன் பத்தின ஆவணப்படம் வந்த பிறகு 2019-ல் அந்தப் பகுதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. அது வேற கதை.) 1992-ல் குழந்தை மேகியோட முதல் வார்த்தையைப் பேச எலிசபெத் டெய்லரைக் கூப்பிட்டாங்க. அவ்வளவு பெரிய நட்சத்திரம் பேசினது ‘டாடி’ன்னு ஒரே ஒரு வார்த்தை.

அதே 1992-ல் ஒன்பது நிஜ பேஸ்பால் வீரர்கள் சொந்தப் பேர்லயே வந்தாங்க. ஹோமர் வேலை பார்க்கிற அணுமின் நிலையத்து முதலாளி பந்தயம் ஜெயிக்கணும்னு காசு கொடுத்துக் கூட்டிட்டு வர்றார். கதை என்ன பண்ணுது? எட்டுப் பேரை ஒவ்வொரு கிறுக்குத்தனமான சிக்கல்ல மாட்டிவிட்டு மேட்சுக்கே வரவிடாம பண்ணிடுது. ஒருத்தர்தான் ஆடுறார். கடைசியில ஜெயிக்க வைக்கிறது நம்ம ஹோமர், அதுவும் தலையில பந்து பட்டு. விருந்தாளி வந்தாலும் வீட்டுக்காரன் வீட்டுக்காரனாவே இருந்தான்.

அப்படியே 2012-க்கு வாங்க. லேடி காகா ரயில்ல வந்து இறங்குறார். லிசாவுக்குத் தன்னம்பிக்கை கொடுக்குறார், ஊரே சேர்ந்து பாடுது. கதை அவரைச் சுத்தி வந்து கும்பிடு போடுது. ரசிகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. 2015-ல் ஈலான் மஸ்க் வந்தப்பவும் அதே முணுமுணுப்பு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சிம்ப்சன்ஸுக்கு அறுபது, எழுபது வருஷம் முன்னாடியே தமிழ் நாடகம் இந்தப் பிரச்சினையைப் பார்த்தாச்சு.

‘ஸ்பெஷல் நாடகம்’ங்கற பேர்லயே விஷயம் இருக்கு. அதுக்கு எதிர்ப்பதம் கம்பெனி நாடகம். கம்பெனின்னா ஒரே குழு. ஒண்ணாத் தங்கி, ஒண்ணாச் சாப்பிட்டு, வாத்தியார்கிட்ட பாடம் கேட்டு, ஊர் ஊரா முகாம் போடுறது. ஸ்பெஷல்னா அந்த ஒரு ராத்திரிக்காக ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியா ‘ஸ்பெஷலா’ பேசிக் கூட்டிட்டு வர்றது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. பல சமயம் மேடையிலதான் முதல் சந்திப்பு.

அப்புறம் எப்படி நாடகம் நடக்குது? அதுக்குக் காரணம் ஒரே மனுஷன். சங்கரதாஸ் சுவாமிகள், 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடின்னு அவர் எழுதின பாட்டும் வசனமும் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்கலைன்னுதான் அவர் சிறுவர்களை வச்சு நாடகம் போடுற வழிக்குப் போனார்னு சொல்வாங்க. 1918-ல் மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பிச்சார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க வளர்ந்த பிள்ளைங்கதான். 1922-ல் சுவாமிகள் புதுச்சேரியில காலமானார்.

அதுக்கப்புறம் வந்த காலத்துல மேடையை ஆண்டவர் எங்க பக்கத்துக்காரர், செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். சின்ன வயசுலயே மேடையேறி, கன்னையா கம்பெனியில பேர் வாங்கினார். அந்த உச்சஸ்தாயிக் குரலை இன்னிக்கும் பழைய இசைத்தட்டுல கேட்கலாம். 1926-ல் இலங்கையில கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளோட சேர்ந்து நடிச்சார். அடுத்த வருஷமே ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

எங்க தாத்தா இளவட்டமா இருந்தப்ப அந்த நாடகத்தைப் பார்த்தவர். “என்ன நாடகம் தாத்தா?”ன்னு கேட்டா யோசிப்பார். “நாடகம் என்னலே நாடகம், கிட்டப்பா பாட்டு!” அவ்வளவுதான் பதில். ஜனம் கதைக்குப் போகலை, குரலுக்குப் போச்சு. ‘ஒன்ஸ்மோர்’னு கத்தினா கதை அங்கயே நிக்கும், அதே பாட்டு மறுபடி வரும். வள்ளி யாரைக் கட்டிக்கிட்டா என்ன, பாட்டு வந்தாச் சரி.

இது சீரழிவா? ஒரு வகையில ஆமா. ஆனா அந்தக் குரல் இல்லேன்னா அத்தனை ஜனம் கொட்டகைக்கு வந்திருக்குமா? பட்டணத்துல இருந்து பட்டிக்காடு வரை நாடகப் பாட்டு போயிருக்குமா? அதனால ஒரேயடியா ‘நட்சத்திரம்தான் கெடுத்துச்சு’ன்னு என்னால சொல்ல முடியலை.

கெடுத்த காரணம் வேற பக்கம் இருக்கு. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சுது. 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயசுல போய்ச் சேர்ந்துட்டார். 1934-ல் மேடைப் ‘பவளக்கொடி’ தியாகராஜ பாகவதரோட சினிமாவாச்சு. 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் சம்பளம். மேடையை விட்டுப் பெரிய தலைங்க ஒவ்வொண்ணாப் போச்சு.

சிம்ப்சன்ஸ்லயும் இதேதான். எழுதினவங்க போயிட்டாங்க. கோனன் ஓ'பிரையன் 1993-ல் கிளம்பினார். ரொம்ப அதிகமா எழுதின ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் பேர் 2003-க்கு அப்புறம் தொடர்ல வரலை. எழுதறதுக்குக் கதை குறைஞ்ச இடத்துல பிரபலம் வந்து உட்கார்ந்தார். காய்ச்சல் வந்தா உடம்பு சுடும். சூடுதான் நோய்னு நினைச்சு நாம சூட்டைத் திட்டிக்கிட்டு இருக்கோம்.

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம் ஒண்ணு இருக்கு. சிம்ப்சன்ஸ்ல வாரத்துக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ விருந்தாளி. ஸ்பெஷல் நாடகத்துல எல்லாருமே விருந்தாளி! குடும்பம்னே ஒண்ணு கிடையாது. நியாயப்படி எப்பவோ செத்திருக்கணும். ஆனா நூறு வருஷம் தாண்டி இன்னிக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் சங்கம் வச்சு நடிகர்கள் இருக்காங்க, எங்க பக்கம் பொங்கலுக்கும் கொடைக்கும் வந்து ஆடுறாங்க. எப்படின்னா, வர்ற விருந்தாளி ஒவ்வொருத்தரும் வேஷம் கட்டிக்கிட்டு வர்றாங்க. வள்ளியா வந்தா விடியற வரைக்கும் அவங்க வள்ளிதான். யார் வந்தாலும் சுவாமிகள் எழுதின கதைக்குள்ளதான் நுழையணும். மைக்கேல் ஜாக்சன் அப்படி நுழைஞ்சார், அந்த ஒன்பது பேஸ்பால் வீரர்களும் நுழைஞ்சாங்க. லேடி காகாவுக்குக் கதையே வெளிய போய் வாசல்ல நின்னுச்சு.

அந்தப் பொங்கல் ராத்திரியும் அதேதான் நடந்துச்சு. காமெடிக்காரர் மேல எனக்குக் கோவம் இல்லை, அவர் தொழிலைப் பார்த்தார். அவருக்கு ஒரு வேடன் வேஷம் கொடுத்து, வள்ளியோட அண்ணன் கூட்டத்துல நிறுத்தி, நாரதரோட ரெண்டு வாங்கு வாங்கவிட்டிருந்தா? ஜனம் சிரிச்சிருக்கும், விடியற வரை உட்கார்ந்தும் இருக்கும். ஒருவேளை அந்த ஐநூறு ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

சாயங்காலம் கமிட்டித் தலைவர்கிட்ட இதைச் சொன்னேன். “நல்ல யோசனைதாம் தம்பி. ஆனா அவருக்கு இன்னொரு ஊர்ல புரோகிராம் இருந்துச்சே, வேஷம் கலைக்க நேரம் ஏது?”ன்னார். பதில் சொல்லத் தெரியலை.

பி.கு: உங்க வீட்டுப் பரண்ல பழைய நாடக நோட்டீஸ் இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க மக்களே. அதுல நாடகத்தோட பேர் பெருசா இருக்கா, நடிகர் பேர் பெருசா இருக்கான்னு பார்த்து, வருஷத்தோட பின்னூட்டத்துல சொல்லுங்க. சேர்த்து வச்சு இன்னொரு பதிவு போட்டுருவோம் :-)