தமிழ்த் திரைப்படங்களில் கத்தோலிக்க நம்பிக்கையும் குருக்களும்

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாடு, அற்புதங்கள், அருட்தலங்கள், குருக்கள் ஆகியவற்றைத் தமிழ்ப் படங்கள் காட்டிவந்த வரலாறு இக்கட்டுரையின் பொருள். தமிழகப் படங்களோடு, சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் சூழலும் ஓரளவு சேர்க்கப்பட்டுள்ளது. சமயப் படம் என்று முழுமையாகச் சொல்லத்தக்கவை குறைவு. கத்தோலிக்கக் கதைமாந்தர் வரும் பொதுப் படங்களே மிகுதி. இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. இப்படங்களைத் தொகுத்தவர்கள் ஆளுக்கொரு வகையில் பிரித்துள்ளனர்.

தொடக்கம்

தமிழர் பலர் திரைப்படம் பார்க்கத் தொடங்கியதே ஏசுவின் வாழ்வோடுதான் என்று சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். டுபாண்ட் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர். உடல்நலம் குன்றியதால் கருவியை விற்க முன்வந்தார். கொடுத்த விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். துல்லியமான தொகை நூலுக்கு நூல் மாறுகிறது. மாதம் சில பத்து ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவர் அத்தனை பணத்தைத் திரட்டி, வேலையையும் விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் கொண்டுபோன சுருள்களுள் முதன்மையானது ஏசு கிறிஸ்துவின் வாழ்வும் பாடுகளும் பற்றியது. பேச்சில்லாத படம். ஒவ்வொரு காட்சியும் நற்செய்தியின் ஒரு நிகழ்ச்சி. பிரான்சின் பாத்தே நிறுவனம் எடுத்த படமே அது என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் அக்காலத்தில் இதே பொருளில் பல நிறுவனங்கள் படமெடுத்துள்ளதால் இதை உறுதியாக்க முடியவில்லை. வின்சென்ட் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது தென்னிந்தியாவின் முதல் நிலையான திரையரங்குகளுள் ஒன்று.

பம்பாயில் தாதாசாகேப் பால்கேயும் ஏசுவின் வாழ்வைக் காட்டிய ஒரு படத்தைப் பார்த்தே கண்ணனையும் இராமனையும் திரையில் கொண்டுவர விரும்பினார் என்பது நன்கு அறியப்பட்டது. அது 1910இலா 1911இலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏசு படத்தின் அமைப்பு அப்படியே இந்துப் புராணப் படத்துக்குப் போய்ச்சேர்ந்தது. பின்னர்ப் புராணப் படத்திலிருந்து தமிழ்க் கத்தோலிக்கப் படத்துக்குத் திரும்பி வந்தது. மேகத்தில் தோன்றும் உருவம், கையிலிருந்து பாயும் ஒளி, மணியோசையோடு நிகழும் அற்புதம் ஆகியவை இரு வகைக்கும் பொது.

மேடையிலும் இதற்கு முன்னோடிகள் இருந்தன. நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால வினோத சங்கீத சபா பக்தி நாடகங்களுக்குப் பேர்போனது. அச்சபையின் ‘ஏசுநாதர்’ நாடகம் பல ஊர்களில் நடந்தது. 1940க்கு முந்தைய தமிழ்ப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியிருப்பதால், அக்காலத் திரையில் குருக்கள் எப்படித் தோன்றினர் என்பதை விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள் வழியாகவே ஊகிக்க வேண்டியுள்ளது.

ஞானசௌந்தரி, 1948

இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது ஒரே ஆண்டு, ஒரே கதை. ஐரோப்பாவில் பல வடிவங்களில் வழங்கிய ‘கையிழந்த கன்னி’ கதை, மறைபரப்பாளர் காலத்துக்குப் பின் தமிழில் ஞானசௌந்தரியாயிற்று. அம்மானையாகப் பாடினர், நாடகமாக ஆடினர். தமிழகத்தில் சமய வேறுபாடின்றி நாடகக் கம்பெனிகள் இதை நடத்தின. யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்திலும் இதற்கு இடமுண்டு. 1935இல் ஒருமுறை படமாகவும் வந்தது.

கதை இதுதான். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் அரசகுமாரி ஞானசௌந்தரி காட்டுக்கு அனுப்பப்படுகிறாள். கொல்லச் சென்றவர்கள் மனமிரங்கி, கைகளை மட்டும் வெட்டி விட்டுவிடுகின்றனர். இளவரசன் பிலேந்திரன் அவளைக் கண்டெடுத்து மணக்கிறான். மீண்டும் சூழ்ச்சி, பொய்க் கடிதம், மீண்டும் காடு, இம்முறை குழந்தைகளோடு. அங்கே தேவமாதா அவளுக்குக் கைகளைத் திருப்பித் தருகிறாள்.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் சிட்டாடல் ஸ்டூடியோவை நடத்திய, கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் தளியத்தின் நிறுவனம் இதை 1948இல் மீண்டும் எடுத்தது. இயக்கம் எஃப். நாகூர். எம். வி. ராஜம்மா ஞானசௌந்தரி, டி. ஆர். மகாலிங்கம் பிலேந்திரன். ஏறத்தாழ அதே வேளையில் ஜெமினி எஸ். எஸ். வாசனும் அதே கதையை எடுத்துக்கொண்டிருந்தார். ‘சந்திரலேகா’வின் பெருஞ்செலவில் மூழ்கியிருந்த அதே ஜெமினி. சிட்டாடல் படம் முந்திக்கொண்டு வெளிவந்து மக்களிடம் வேரூன்றியது. சில வாரம் கழித்து வந்த ஜெமினி படத்தை வாசன் விரைவிலேயே திரும்பப் பெற்றார். காரணம் பலவிதமாகச் சொல்லப்படுகிறது. போட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு அதுவே மேல் என்று வாசனே ஒப்புக்கொண்டதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. வசூல் இல்லாததே காரணம் என்பது மற்றொன்று. முன்னது அழகான செய்தி என்பதாலேயே அதிகம் பரவியிருக்கலாம்.

சிட்டாடல் படம் இன்றும் நினைவில் நிற்பது ஒரு பாட்டால். தேவமாதாவிடம் அருள் வேண்டும் அந்தப் பாடலைச் சிறுமி ஞானசௌந்தரி பாடத் தொடங்குகிறாள். பாடல் முடிவதற்குள் பெண்ணாக வளர்ந்துவிடுகிறாள். சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் அப்போது தாமே சிறுமியாக இருந்த ஜிக்கி, வளர்ந்தவளுக்கு பி. ஏ. பெரியநாயகி. இசையமைத்த எஸ். வி. வெங்கட்ராமன் மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய கண்ணன் பாடல்களுக்கு மெட்டமைத்தவர். கண்ணனை உருகி அழைத்த அதே இசைமொழி மாதாவை அழைத்தது. கோவிலில் இலத்தீனில் பூசை நடந்த நாட்களில், தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் வேண்டுதலைத் தங்கள் மெட்டிலேயே திரையில் கேட்ட முதல் தருணங்களுள் இதுவும் ஒன்று. கிறிஸ்தவரல்லாத வீடுகளிலும் அப்பாட்டு புழங்கியது. இக்கட்டுரையில் பேசப்படும் காட்சிகளுள் மிக உயர்ந்தது அதுவே எனலாம்.

ஞானசௌந்தரிக்கும் அற்புதத்துக்கும் இடையில் குரு எவரும் நிற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேட்பவள் ஒருத்தி, கொடுப்பவள் ஒருத்தி. இந்த அமைப்பு அடுத்து வந்த அருட்தலப் படங்களிலும் தொடர்ந்தது.

அன்னையும் அந்தோணியாரும்

அருட்தலப் படங்களுக்கு முன்பே, பொதுப் படமாக 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் (இயக்கம் எல். வி. பிரசாத்) சாவித்திரி ஏற்ற மேரி, கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்தவள், முடிவில் ஜமீன்தாரின் காணாமற்போன மகள் என்று தெரியவருகிறது. அவளை ஒரு நல்ல நகைச்சுவைக் கதைக்குள் மரியாதையோடு வைத்த படம்.

1971இல் கே. தங்கப்பன் இயக்கிய ‘அன்னை வேளாங்கண்ணி’ வெளிவந்தது. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா முதலியோர் நடித்தனர், இசை ஜி. தேவராஜன். நடன இயக்குநரான தங்கப்பனிடம் உதவியாளராக இருந்த இளைஞர் கமல்ஹாசனும் இதில் சிறு தோற்றத்தில் வருகிறார். பால்காரச் சிறுவன், நடுத்திட்டு என்னுமிடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் என வேளாங்கண்ணி மரபு சொல்லும் மூன்று அற்புதங்களே படத்தின் அடிப்படை. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1962இல் வேளாங்கண்ணிக் கோவிலைப் பேராலயமாக உயர்த்தி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு நடந்தே போகும் கூட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாதோரும் பெருந்தொகையினர். படம் பேசியது அவர்களையும் சேர்த்துத்தான்.

‘புனித அந்தோணியார்’ 1970களின் பிற்பகுதியில் வந்தது, எம். எஸ். விஸ்வநாதனின் இசைக்காக நினைவுகூரப்படுகிறது. தெலுங்கில் விஜயசந்தர் ஏசுவாக நடித்து, ஏ. பீம்சிங் இயக்கத்தில் உருவான ‘கருணாமயுடு’ (1978) தமிழிலும் வந்து கோவில் வளாகங்களில் பல்லாண்டு திரையிடப்பட்டது. எம்.ஜி.ஆர். ஏசுவாக நடிக்கவிருந்த படம் தொடங்கிய நிலையிலேயே நின்றுபோயிற்று. தம்மைத் தெய்வமாகவே ரசிகர் வழிபடத் தொடங்கிவிடுவர் என்று அவர் தயங்கியதாகச் சிலர் கூறுவர். ஏசு கோலத்தில் அவர் நின்ற படம் மட்டும் நாட்காட்டிகளில் பரவியது.

குருவின் உருவம்

தமிழ்த் திரையின் கத்தோலிக்கக் குரு பெரும்பாலும் வெள்ளை அங்கி அணிந்த முதியவர். அநாதையை வளர்ப்பார், தவறியவனை மன்னிப்பார், மணி ஒலிக்க நடந்து போவார். அவருக்கென்று ஓர் ஐயமோ களைப்போ பங்கு மக்களோடு ஒரு சச்சரவோ இருப்பதில்லை. உலகின் வேறிடங்களிலும் இந்த உருவம் தற்செயலாக அமைந்ததன்று. ஹாலிவுட் 1930இல் ஏற்ற தயாரிப்பு விதிகளை வரைந்தவர்களுள் டேனியல் லார்டு என்ற சேசு சபைக் குருவும் ஒருவர். சமயப் பணியாளரைக் கேலிக்குரியவராகவோ வில்லனாகவோ காட்டலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1936இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனிச் சுற்றுமடலே வெளியிட்டார். இவற்றின் நிழல் சென்னைக்கும் எட்டியது என்று கருத இடமுண்டு. நேரடிச் சான்று குறைவு.

இவ்வகையின் உச்சம் ‘ஞான ஒளி’ (1972). பி. மாதவன் இயக்கிய இப்படம் வியட்நாம் வீடு சுந்தரத்தின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. விக்தர் ஊகோவின் ‘லே மிசரபிள்’ நாவலின் சாயல் கொண்டது. அந்த நாவல் ‘ஏழை படும் பாடு’ (1950) என்ற படமாக முன்பே வந்து, காவலதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற பட்டத்தை நிலையாக்கியிருந்தது. ‘ஞான ஒளி’யில் சிவாஜி கணேசன் கோவில் மணியடித்து, சவப்பெட்டி செய்யும் அந்தோணி. அவரை வளர்த்து, கொலைப்பழியோடு ஓடிவரும் வேளையிலும் நல்வழி காட்டும் பாதராக வி. கோபாலகிருஷ்ணன் நடித்தார். மெழுகுவர்த்தித் தண்டு கைமாறும் காட்சியில் ஊகோவின் நாவலில் வரும் ஆயர் தஞ்சைப் பங்குச்சாமியாக மாறிவிடுகிறார். காட்சிகள் பூண்டி மாதா கோவிலில் எடுக்கப்பட்டதாகக் கூறுவர். இங்கும் கதை அந்தோணியின் மனமாற்றமே. பாதர் அதற்கு வாசல்.

‘வெள்ளை ரோஜா’வில் (1983) சிவாஜிக்கு இரட்டை வேடம்: கொல்லப்படும் குரு, அதைத் துப்புத்துலக்கும் காவலதிகாரி. மலையாளத்தின் ‘போஸ்ட்மார்ட்டம்’ படத்தைத் தழுவியது.

கடற்கரைப் படங்கள்

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டும் குமரி மாவட்ட முட்டத்தில் எடுக்கப்பட்டவை. முதல் படத்தின் முடிவில் காதலர்களான மேரி சிலுவையையும் விச்சு பூணூலையும் கழற்றி எறிகின்றனர். துணிச்சல் என்றவரும் உண்டு, இரு நம்பிக்கைகளையும் எளிதாகத் தள்ளிவிட்டது என்றவரும் உண்டு.

குருவை முழு மனிதராக எழுத முயன்றது மணிரத்னத்தின் ‘கடல்’ (2013). கதையில் ஜெயமோகனின் பங்கு பெரிது. குருமடத்தில் உடன் பயின்ற பெர்க்மான்ஸின் (அர்ஜுன்) பிழையைச் சாம் ஃபெர்னாண்டோ (அரவிந்த்சாமி) வெளிப்படுத்துகிறார்; அந்தப் பகை, பின்னாளில் அவர் பணியாற்றும் மீனவர் ஊர்வரை துரத்தி வந்து அவரைச் சிறைக்கும் அனுப்புகிறது. பாழடைந்த கோவிலைத் தம் கையால் கூட்டித் துடைக்கும், ஊரார் வசையைக் கேட்டும் நின்று பார்க்கும் ஒரு சாமியாரைத் தமிழ்த் திரை அதற்கு முன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. 1530களில் பரதவர் மனம்மாறி, 1542இல் புனித சவேரியார் வந்திறங்கிய கரையின் நினைவும் அப்படத்தின் அடியில் ஓடுகிறது. வணிக அளவில் படம் தோற்றது. அந்த வழியில் பிறர் தொடரவில்லை.

சிங்கப்பூர்

சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் தாய்க்கோவில் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயம். 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்ட அது, சிராங்கூன் சாலைத் தமிழருக்கு நடை தூரம். 1946இல் மெக்கன்சி சாலையில் திறக்கப்பட்ட ரெக்ஸ் திரையரங்கும் அருகே. 2009க்குப் பின் அங்கே தமிழ்ப் படங்கள் ஓடின. அதற்கு வெகுமுன்பே, வீடமைப்புக் கழக நகரங்கள் எழுந்தபோது, இந்த அண்மை கலைந்தது. தெம்பனிஸ் அவற்றுள் ஒன்று. 1989இல் ரயில் நிலையமும், 1995இல் திரையரங்குடன் கூடிய தெம்பனிஸ் மாலும் அங்கு வந்தன. தெம்பனிஸ் ஸ்திரீட் 11இல் உள்ள பங்கு ஆலயம் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் அமைந்தது. கோவில், திரையரங்கு, மளிகைக்கடை மூன்றும் ஒரே நடையில் இருந்த பழைய வாழ்வு போய், மாதா படங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் காணொளி நாடாவுக்கும் நகர்ந்தன.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை (1990) இயற்றிய இந்நாடு, திரையில் சமயத்தைக் கையாள்வதில் எச்சரிக்கையானது. மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ இங்கு தடை செய்யப்பட்டது. ‘தி டா வின்சி கோட்’ 2006இல் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கென அனுமதி பெற்றது. தமிழ்நாட்டில் அதே படத்தை அரசு தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

அண்மைக் காலம்

புனித தோமையார் பற்றிய பெரும்படம் ஒன்று 2008இல் சென்னையில் அறிவிக்கப்பட்டது, திரைக்கு வரவில்லை. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) போன்றவற்றில் கோவில் திருமணக் காட்சிகள் அழகுற வருகின்றன. அங்கே குரு பின்னணியில் நிற்பவர் மட்டுமே.